இஞ்ஞாசி மேஸ்திரி கட்டிய ஒன்பது அங்குல பஸ்

தூத்துக்குடிக்குள் ஓடிய கிருபை மோட்டார் சர்வீஸின் டவுன் பஸ்கள் ஐந்துக்கும் உடம்பு கட்டியவர் இஞ்ஞாசி மேஸ்திரி. ஐந்து பஸ்ஸிலும் ஊரே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறாத ஒரே ஆள் அவருடைய மனைவி அமலோற்பவம். கல்யாணத்துக்குச் சமைத்துப் போட்டவரின் பெண்டாட்டி பந்தியில் உட்காராமல் எதிர்வீட்டுக்குப் போய்க் கஞ்சி வாங்கிக் குடித்தால் ஊர் என்ன நினைக்கும்? மேஸ்திரியைப் பற்றி ஊர் அதைத்தான் நினைத்தது, ஏழு வருடம்.

அவள் ஏறாததோடு விஷயம் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அமலோற்பவம் நடந்து போவாள். மனைவி வெயிலில் நடக்கும்போது தான் மட்டும் பஸ்ஸில் போக மேஸ்திரிக்கு மனம் வராது. பத்தடி பின்னால் அவரும் நடப்பார். பஸ் பக்கத்தில் வந்ததும் கண்டக்டர் இசக்கியப்பன் வேண்டுமென்றே டிரைவரிடம் சொல்லி வேகத்தைக் குறைப்பான். "மேஸ்திரி, வண்டி நல்லாத்தான் கட்டியிருக்கு, பயப்படாம ஏறுங்க" என்று படியில் தொங்கிக்கொண்டு சொல்வான். உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். அமலோற்பவம் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வாள். கடல் தெரியாத தெருவிலும் கடல் பக்கம்தான் திருப்புவாள்.

இஞ்ஞாசி பஸ் கட்டப் பிறந்தவர் அல்ல. அவர் பிறந்தபோது தொட்டிலுக்குப் பதிலாக ஒரு சின்ன வள்ளத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள் என்றும், பிள்ளை அழுதால் அதற்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஆட்டினால்தான் தூங்கும் என்றும் அவருடைய தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். தண்ணீரை நான் நம்பவில்லை. வள்ளத்தை நம்புகிறேன்.

பதினாலு வயதில் அவர் சந்தியாகு மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப் போகும் பெரிய தோணிகளைக் கட்டுகிறவர் சந்தியாகு. இரண்டு பலகை சேரும் இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சி ஊற்றி அடைப்பார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். சந்தியாகு போட்ட கலப்பத்துக்குள் தண்ணீர் மட்டுமல்ல, தண்ணீர் என்ற நினைப்பே நுழையாது. பட்டறையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வேலை படிக்க வருகிறவன் குடிக்கலாம், பூசைக்குப் போகாமல் இருக்கலாம், முதலாளியின் வெற்றிலையைத் திருடலாம். தோணியின் அடிப்பலகையில் திறந்த துளை ஒன்றை விட்டுவைத்தானென்றால் அன்றோடு அவன் வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். ஆணிக்குப் போட்ட துளைகூடப் பொழுது சாய்வதற்குள் அடைபட்டிருக்க வேண்டும். இஞ்ஞாசி இந்தச் சட்டத்தை ஞானோபதேசத்தோடு சேர்த்துப் படித்தார். ஞானோபதேசத்தில் சில கேள்விகளுக்கு அவருக்குப் பதில் மறந்தது உண்டு. இது மறக்கவில்லை.

சந்தியாகு மகிழ்ந்துபோய் மகளைக் கட்டிவைத்தார். அவள்தான் அமலோற்பவம். பட்டறையிலேயே விளையாடி வளர்ந்தவள், எந்த உளி எதற்கு என்று சட்டாம்பிள்ளை மாதிரி சொல்லக்கூடியவள்.

எழுபதில் நாசரேத்துக்காரர் கிருபாநிதி, டவுன் பஸ் விட அனுமதி வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தார். ஜெபம் முடித்துவிட்டுத்தான் லாபத்தைப் பற்றிப் பேசுவார். ஆனால் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவார். எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள லாரிச் சட்டம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதன்மேல் உடம்பு கட்ட வெளியூருக்கு அனுப்பினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கடற்கரையில் தோணி கட்டுகிறதைப் பார்த்தார். அலையில் மிதக்கிறதைக் கட்டுகிறவனுக்கு ரோட்டில் ஓடுகிறதைக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று இஞ்ஞாசியைக் கேட்டார். மூன்று மாதம் என்றார் இஞ்ஞாசி. சொன்னபடி முடித்தார்.

அந்த முதல் பஸ்ஸின் அழகைச் சொல்லி முடியாது. உயரத்தைச் சொல்லவே பயமாக இருக்கிறது. கடலில் விளிம்பு உயர உயர உயிருக்குப் பத்திரம் என்று பழகியவர், ரோட்டிலும் அப்படியே கட்டிவிட்டார். முதல் படி இரண்டடி உயரத்தில் இருந்தது. இரண்டாம் படியில் நின்றவர்களுக்கு உப்பளங்கள் தெரிந்தன. மூன்றாம் படியில் நின்றபோது இலங்கையே தெரிந்ததாக ஒரு பெரியவர் சொன்னார். அவருக்கு மூக்குக்கண்ணாடி புதுசு.

வண்டியைத் தொடங்கிவைக்கிற அன்றைக்கு, கட்டிய மேஸ்திரியின் வீட்டம்மாள் முதலில் ஏற வேண்டும் என்று கிருபாநிதி கேட்டுக்கொண்டார். அமலோற்பவம் காஞ்சிப்பட்டு உடுத்தி, கையில் பழத்தட்டோடு வந்தாள். ஒரு காலைத் தூக்கினாள். படி எட்டவில்லை. மேலிருந்து இசக்கியப்பன் கையைப் பிடித்து இழுத்தான். கீழிருந்து யார் தாங்குவது என்று ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் அமலோற்பவம், பழத்தட்டு, இசக்கியப்பன் மூன்று பேரும் தரைக்கு வந்து சேர்ந்தார்கள். பட்டு கிழிந்தது. வலது முழங்கால் பிசகியது. பாண்டு வாசித்தவர்கள் நிறுத்தத் தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

எழுந்து நின்றவள், பாண்டு ஓயும்வரை காத்திருந்து, நானூறு பேர் கேட்கச் சொன்னாள். "இது மனுசருக்குக் கட்டுனதா, ஒட்டகத்துக்குக் கட்டுனதா? நீங்க கட்டுன வண்டியில இனி நான் கால் வைக்க மாட்டேன்."

வீட்டுக்குள் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் சரியாகியிருக்கும். நானூறு பேர் முன்னால் சொன்ன பேச்சை எப்படித் திரும்ப வாங்குவது? அவளுக்கும் வழி தெரியவில்லை. மேஸ்திரியோ அதற்கு வழி மரத்தில் இருக்கிறது என்று நம்பினார். இரண்டாவது பஸ்ஸில் படியை ஒரு அங்குலம் இறக்கினார். மூன்றாவதில் இன்னும் ஒன்று. ஒவ்வொரு பஸ்ஸும் தயாரானதும் அதை வீட்டு வழியாக ஓட்டிவரச் செய்வார். அமலோற்பவம் ஜன்னலைச் சாத்துவாள். ஐந்தாவது பஸ்ஸோடு அங்குலம் தீர்ந்துபோயிற்று. ஏனென்றால் தளம் லாரிச் சட்டத்துக்கு மேலேதான் போட முடியும், சட்டம் இடுப்பு உயரத்தில் கிடக்கிறது. படியை எவ்வளவு இறக்கினாலும் கடைசியில் ஏறித்தானே ஆக வேண்டும்?

எழுபத்தாறில் ஒரு நாள், பழைய துறைமுகத்தில் தோணியிலிருந்து மூட்டை இறக்குவதை மேஸ்திரி பார்த்துக்கொண்டு நின்றார். அடிவயிற்றுக்குள் நின்று மூட்டை தூக்கிக் கொடுப்பவர்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. தோணியில் மேல்பலகைக்கு மேலேயா சரக்கு வைக்கிறோம்? இரண்டு பக்கமும் கீழே அல்லவா இறக்குகிறோம்? இது மூளைக்குள் வந்ததும் மேஸ்திரி துறைமுகத்திலிருந்து வீடு வரை ஓடினார். ஊரில் யாரும் அவர் ஓடிப் பார்த்ததில்லை. கடன்காரனோ நாயோ துரத்துகிறது என்று நினைத்து இரண்டு பேர் கூடவே ஓடினார்கள்.

யோசனை இதுதான். லாரிச் சட்டம் நடுவில் ஒரு நீளப் பெட்டி மாதிரி அதன் உயரத்திலேயே கிடக்கட்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, அந்தச் சட்டத்தின் இரண்டு பக்கமும், தரையை ஒட்டித் தளத்தைத் தொங்கவிடுவது. நடுச்சட்டத்தின்மேல் பலகை போட்டால் அதுவே இருக்கை. இரண்டு பக்கமும் முதுகுக்கு முதுகு கொடுத்து, ஜன்னலைப் பார்த்து உட்காரலாம். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்களுக்கு இது ரொம்ப வசதி என்று பிற்பாடு தெரிந்தது.

ஆனால் எவ்வளவு தாழ்வு? அதற்கு அளவு வேண்டும். ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி, கையில் எதையும் பிடிக்காமல், தலையில் கூடையோடு, காலை எவ்வளவு தூக்குவாள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மேஸ்திரி தெருத் தெருவாகப் போய் வாசற்படிகளைப் பார்த்தார். படி ஏறுகிற பெண்களின் காலைப் பார்த்தார். பார்த்ததைச் சாக்கட்டியால் சுவரில் கோடு போட்டார். நான்காம் நாள் புகார் பங்குச் சாமியாரிடம் போய்விட்டது. சாமியார் கூப்பிட்டு, இந்த வயதில் இது என்ன பழக்கம் என்று கேட்டார். மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். சாமியார் எழுந்து போய் வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தம் அங்கி பஸ் படியில் மூன்று இடத்தில் கிழிந்திருப்பதைக் காட்டி, தம்முடைய கால் அளவையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

முக்கியமான அளவு வீட்டிலேயே இருந்தது. அடுப்படி வாசலில் அமலோற்பவம் சாளை மீன் சட்டியோடு போகவர இருந்தபோது, மேஸ்திரி தரையில் குப்புறப் படுத்து முழக்கோலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இங்கன படுத்துக்கிட்டு என்னத்த அளக்கீய?" என்றாள்.

"வாசப்படி கொஞ்சம் இறங்குன மாதிரி இருக்குளா, அதான்."

பிசகிய வலது கால் ஒன்பது அங்குலத்துக்கு மேல் சுகமாக எழும்பவில்லை. மேஸ்திரி ஒன்பது என்று வலது உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சோறு தின்னும்போதும் அந்தக் கையைக் கழுவவில்லை, இடது கையால் தின்றார் என்கிறார்கள்.

கிருபாநிதி முதலில் சம்மதிக்கவில்லை. தரையோடு தரையாக ஊர்ந்துபோக இது வண்டியா மரவட்டையா என்று கேட்டார். ஆனால் புதுத் துறைமுகத்துக்கு ஓடுகிற வண்டியில் அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. மீன் விற்கிற பெண்கள் ஏறும்போது கூடையை இறக்கி, மேலே கொடுத்து, ஏறி, மறுபடி வாங்கி வைப்பதற்குள் நிறுத்தத்துக்கு நாலு நிமிடம் போகிறது. இதில் அந்த நாலு நிமிடம் மிச்சம் என்று மேஸ்திரி சொன்னதும், முதலாளி அரை நிமிடம் ஜெபித்துவிட்டு, விபத்தில் சிக்கிய பழைய லாரிச் சட்டம் ஒன்றைக் கொடுத்தார்.

எட்டு மாதம் கட்டினார் மேஸ்திரி. வாசல் கட்டை தரையிலிருந்து சரியாக ஒன்பது அங்குலம். அதைத் தாண்டிக் காலை வைத்தால் தளம் இன்னும் மூன்று அங்குலம் கீழே இருக்கும். தோணியில் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்குவது போலவே. இவ்வளவு தாழ்வான தளத்துக்குள் ரோட்டுத் தண்ணீர் புகுந்துவிடக்கூடாதே என்று, பலகை இடுக்கு ஒன்று விடாமல் கலப்பத்துப் போட்டார். மூன்று டின் குங்கிலியம் போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி வந்தாலே கோவிலில் தூபம் போட்ட மாதிரி வாசனை அடித்தது. பக்தியுள்ளவர்கள் எழுந்து நின்றார்கள்.

வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர், ஆனால் அவர் கையில் ஒரு படிவம் இருந்தது. அதில் படிகளின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து படி எங்கே என்று தேடினார். படியே இல்லை, அதுதான் விசேஷம் என்றார் மேஸ்திரி. கட்டத்தில் பூஜ்யம் போட்டால் வண்டிக்குள் ஏற வழியே இல்லை என்றுதான் மேலே நினைப்பார்கள் என்று அதிகாரி வருந்தினார். கடைசியில் ஒரு மரப்படி செய்து, வண்டிக்குள் டிரைவரின் தலைக்கு மேலே மாட்டிவைத்தார்கள். படி ஒன்று என்று எழுதப்பட்டது. மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படியும் இருந்ததால் அதற்கும் சிலர் பூ வைத்தார்கள்.

எழுபத்தேழு தை மாதம் வண்டி ஓடத் தொடங்கியது. மீன் விற்கிற செல்லக்கிளி தலையில் கூடையோடு, ஒரு கையில் வெற்றிலையை மடித்துக்கொண்டே, வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தாள். ஏறிவிட்டோம் என்பதே தெரியாமல் வண்டி எப்போது வரும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த கிழவிகள், கைப்பிள்ளைக்காரிகள், ஒரு கால் இல்லாத லாட்டரிக்காரர், வழி தவறிய ஒரு ஆடு என்று எல்லாரும் அப்படியே நுழைந்தார்கள். ஆட்டை மட்டும் இறக்குவது கஷ்டமாக இருந்தது.

ஒரு குறை இருந்தது. ரயில்வே கேட்டில் தண்டவாளம் மேடாக இருக்கும். அங்கே வண்டியின் வயிறு தட்டும். ஆகவே எல்லாரும் இறங்கி நடந்து தண்டவாளத்தைத் தாண்டி மறுபடி ஏறிக்கொள்வார்கள். ஏறுவது சுகமாக இருந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. சில பெண்கள் இரண்டு தடவை ஏறக் கிடைக்கிறதே என்றுகூடச் சொன்னார்கள்.

வண்டி ஓடத் தொடங்கிய அன்றைக்கே மேஸ்திரி அதைத் தம் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். அமலோற்பவம் இந்தத் தடவை ஜன்னலைச் சாத்தவில்லை. வெளியே வந்தாள். வாசல் கட்டையைப் பார்த்தாள். அது எந்தக் காலின் அளவு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வண்டியில் இருந்த முப்பது பேரும் அந்தப் பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். அவள் காலைத் தூக்கவில்லை. குனிந்து தளத்தைப் பார்த்தாள். விரலால் கலப்பத்தைத் தடவினாள். சந்தியாகுவின் மகள் அல்லவா.

"மழை பெஞ்சா?" என்றாள்.

"சொட்டுத் தண்ணி உள்ள வராது. உங்க அப்பா கலப்பத்து."

"வாசல் வழியா வந்தா?"

மேஸ்திரி இதை யோசித்திருக்கவில்லை.

"வந்த தண்ணி எப்படிப் போவும்? ஒரு துளை போட்டு வைங்க" என்றாள் அவள். அடியில் துளை என்ற சொல்லைக் கேட்டதும், கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் பார்ப்பது போல மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். எதைச் செய்தவனை அவள் அப்பா பட்டறையை விட்டு விரட்டுவாரோ, அதை அவர் மகளே செய்யச் சொல்கிறாளே என்று நொந்துகொண்டார். முடியாது என்றார்.

"அப்ப மழை பெய்யட்டும். பாத்துட்டு ஏறுதேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

இப்படியாகத் தூத்துக்குடியில் மழைக்காக ஏங்குகிற ஒரே மனிதர் ஆனார் இஞ்ஞாசி மேஸ்திரி. மற்ற ஊரில் மழை வேண்டும் என்று பூசை வைத்தால் ஆசீர்வாதம். இங்கே உப்பளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு தூறல் விழுந்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும். மாதா கோவிலில் மேஸ்திரி மெழுகுவத்தி ஏற்றி மழை கேட்கிறார் என்ற செய்தி பரவியதும், உப்பளத்து அண்ணாச்சிகள் இரண்டு பேர் வந்து, அதே பீடத்தில் அதைவிடப் பெரிய மெழுகுவத்தியாக இரண்டு ஏற்றி, மழை வேண்டாம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாதா பத்து மாதம் யார் பக்கமும் சாயவில்லை. மேஸ்திரி பத்து மாதமும் மனைவிக்குப் பின்னால் நடந்தார். முன்னே கேலி செய்தவர்கள் இப்போது செய்யவில்லை, பரிதாபமாகப் பார்த்தார்கள். அது இன்னும் மோசம்.

ஐப்பசி கடைசியில் ஒரு சனிக்கிழமை மழை வந்தது. பத்து மாதப் பாக்கியையும் சேர்த்துக்கொண்டு வந்தது. மதியத்துக்குள் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர், துறைமுக ரோட்டில் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. கிருபாநிதியின் மற்ற ஐந்து பஸ்களும் ஷெட்டுக்குப் போய்விட்டன. ஒன்பது அங்குல பஸ் மட்டும் முப்பத்தைந்து பேரோடு துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தது. தளத்தின் கீழிருந்து ஒரு சொட்டு வரவில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். எதிரே ஒரு உப்பு லாரி வேகமாக வந்தது. அது கிளப்பிய அலை, வாசல் கட்டையைத் தாண்டி, வாங்க என்று யாரும் கூப்பிடாமலேயே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த லாரிக்கு இன்னும் கொஞ்சம். பஸ் மேஸ்திரியின் தெருவுக்கு வந்து சேர்ந்தது. தெரு மேடு, அங்கே ரோட்டில் தண்ணீரே இல்லை. பஸ்ஸுக்குள்தான் இருந்தது. வாசல் கட்டை மட்டத்துக்குத் தளும்பிக்கொண்டு, ஒரு சொட்டும் வெளியே போகாமல், குளம் மாதிரி கிடந்தது. அவ்வளவு சுத்தமான வேலை.

ஜனங்கள் நடு இருக்கையின்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். செல்லக்கிளியின் கூடையிலிருந்த நண்டுகள் தங்களுக்குப் பழக்கமான இடம் கிடைத்த சந்தோஷத்தில் தண்ணீருக்குள் இறங்கி நடமாடின. இசக்கியப்பன் கணுக்கால் நனைய நின்றுகொண்டு டிக்கெட் கொடுத்தான். நண்டு கடித்தபோது மட்டும் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தான். பாரம் தாங்காமல் வண்டி மேஸ்திரி வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

மேஸ்திரி குடை இல்லாமல் ஓடிவந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். இசக்கியப்பன் கெஞ்சினான். "மேஸ்திரி, ஒரே ஒரு துளை போடுங்க. ரெண்டு நிமிசத்துல வடிஞ்சிரும்." மேஸ்திரி வீட்டை ஒட்டிய தம் பட்டறைக்குள் போனார். துரப்பணத்தை எடுத்துவருவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். ஆறு தகர டப்பாக்களோடு வந்தார். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, இறைக்கச் சொன்னார். நாற்பது வருடம் அவர் அப்படித்தான் பழகியவர். தண்ணீர் வந்தால் இறைக்க வேண்டும். வாங்கியவர்கள் இறைத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் மேல் விழுந்தது. அவர்களும் டப்பா கேட்டார்கள், இறைப்பதற்கு அல்ல.

இசக்கியப்பன் பொறுக்க மாட்டாமல் தானே போய்த் துரப்பணத்தை எடுத்துவந்து மேஸ்திரியின் கையில் திணித்தான். மேஸ்திரி அதை வாங்கினார். தளத்தைப் பார்த்தார். நல்ல பலகை, நல்ல கலப்பத்து, மேலே முப்பத்தைந்து உயிர். இதன் அடியில் துளையா? செத்துப்போன மாமனார் மழைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பது போல அவருக்குத் தோன்றியது. "என்னால முடியாதுலே" என்றார், அழுகிற மாதிரி.

இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அமலோற்பவம். முந்தானையை இழுத்துச் செருகினாள். மழைக்குள் வந்தாள். கணவர் கையிலிருந்த துரப்பணத்தைப் பிடுங்கினாள். "தள்ளுங்க. அப்பாகிட்ட நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றாள். ஒன்பது அங்குல வாசல் கட்டையைத் தாண்டி வலது காலை வைத்தாள், இடது காலை வைத்தாள், நண்டை ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள்.

முதல் துளை விழுந்ததும் தண்ணீர் ஒரு கேள்வி கேட்ட மாதிரி சுழன்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. இரண்டாவது போட்டாள். மூன்றாவது போட்டாள். பின்பக்கம் கொஞ்சம் தேங்குகிறது என்று நாலாவதும் போட்டாள். வண்டிக்கு அடியில் நாலு குழாய் திறந்த மாதிரி கொட்டியது. மேஸ்திரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசித் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போகிற சத்தம் கேட்டதும் வண்டிக்குள் யாரோ கை தட்டினார்கள். மற்றவர்கள் தட்டவில்லை. அவர்களுக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டிருந்தது.

அமலோற்பவம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். முப்பத்தைந்து பேரும் தன் காலைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். தானும் பார்த்தாள். இரண்டு காலும் மேஸ்திரி கட்டிய வண்டிக்குள் இருந்தன.

இசக்கியப்பன் வாயைத் திறந்தான். செல்லக்கிளி அவன் காலில் ஒரு மிதி மிதித்தாள், மூடிக்கொண்டான். மேஸ்திரி மெல்லத் திரும்பினார். மழைத் தண்ணீர் அவர் மூக்கின் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இறங்குகிறாளா என்று கேட்கவும் பயம், உட்காரச் சொல்லவும் பயம்.

அவள் துரப்பணத்தை முந்தானையால் துடைத்தாள். நடு இருக்கையில் ஈரம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பிறகு வெளியே பார்த்தாள்.

"அங்கன என்ன நனைஞ்சிக்கிட்டு நிக்கீய? ஏறுங்க."

மேஸ்திரி ஏறினார். அவள் பக்கத்தில் இடம் விட்டார்கள். வண்டி கிளம்பி மாதா கோவில் வரை போயிற்று, அவள் இறங்கவில்லை. துறைமுகம் போயிற்று, இறங்கவில்லை. திரும்பி வந்தது. மழை விட்டு, வெளியே விளக்குப் போட்டார்கள். ரயில்வே கேட்டில் எல்லாரும் இறங்கி நடந்தபோது மட்டும் இறங்கி, மறுபடி அவள்தான் முதலில் ஏறினாள். இந்த நேரம் முழுவதும் அவள் வாய் ஓயவில்லை. இருக்கைப் பலகை முதுகில் உரசுகிறது, சரியாக இழைக்கவில்லை. ஜன்னல் ஒரு சாண் தாழ்வு, வெளியே பார்த்தால் ஆட்களின் இடுப்புத்தான் தெரிகிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி எங்கே? முதுகுக்கு முதுகு உட்காரவைத்திருக்கிறீர்களே, பின்னால் இருக்கிறவளிடம் பேச வேண்டுமென்றால் கழுத்தைத் திருகிக்கொள்வதா? குங்கிலிய நாற்றத்தில் தலை வலிக்கிறது. பூப் போட்டு வைத்திருக்கிற அந்தப் படி யாருக்கு?

மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஏழு வருடமாக ஊரெல்லாம் அவர் வண்டியில் ஏறி, உட்கார்ந்து, குறை சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறது. இவள் ஒருத்தியிடமிருந்துதான் அவருக்கு ஒரு குறையும் வந்து சேரவில்லை. இப்போது வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்தவர்கள், யாரோ அவருக்குச் சீர்வரிசை வைக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"அடுத்த வண்டியில எல்லாத்தையும் சரி பண்ணிருதேன்" என்றார்.

"அடுத்த வண்டியாமே" என்றாள் அமலோற்பவம். "நாளைக்குக் காலம்பற பூசைக்கு நான் எதுல போவேன்? ராத்திரியே இந்தப் பலகைய இழைச்சி வைங்க."